கடைசி வீட்டுக் குழாய்

அந்தத் தெருவில் தண்ணீர் வரும் நேரத்தை யாரும் கடிகாரத்தில் பார்த்ததில்லை. எல்லாம் குரல்தான். கீழ்முனையில் இரும்பு மூடியைப் பெயர்த்து வைத்துவிட்டு, மார்பு உயரச் சாவியைக் குழிக்குள் இறக்கி, தண்ணிக்காரர் வால்வைத் திருகுவார். திருகி முடித்ததும் இடுப்பை நிமிர்த்தி, மேலே பார்த்து ஒரு சத்தம் கொடுப்பார்.

"வந்துடுச்சா?"

தெரு நீளம். போதாததற்கு ஏற்றம். அவர் குரல் பாதித் தெருவைத் தாண்டாது. அதனால் முதல் வீட்டில் யாராவது அதை வாங்கி மேல்வீட்டுக்குக் கொடுப்பார்கள். பல் விளக்கிக்கொண்டு நிற்பவர் வாயில் நுரையோடு "வந்துடுச்சா?" என்பார். பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருப்பவள் சீப்பை நிறுத்தாமல் "வந்துடுச்சா?" என்பாள். இப்படிக் கைமாறிக் கைமாறி உச்சியில் இருக்கிற கடைசி வீட்டுக்கு அது போய்ச் சேரும். கடைசி வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் ஏறிவிட்டால் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து "வந்துடுச்சு!" என்று பதில் கிளம்பி, அதே வழியில் வீடு வீடாக இறங்கிவரும். அது காதில் விழுந்த பிறகுதான் தண்ணிக்காரர் சாவியை உருவித் தோளில் சாத்திக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடப்பார். சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி வீடுகள் இரண்டு அந்தத் தெருவில் இருந்தன. அவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டே இந்த ஒரு வார்த்தையை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

பதில் சொல்பவள் கடைசி வீட்டு அக்கா. தண்ணிக்காரரின் மனைவி. குழாயை எப்போதும் திறந்தே வைத்து, அடியில் ஒரு வெறும் குடத்தை வைத்திருப்பாள். முதல் தண்ணீர் விழுந்ததும் குடம் 'ணங்'கென்று சத்தம் போடும். அவள் எந்த வேலையில் இருந்தாலும் தலை தூக்காமல் "வந்துடுச்சு!" என்பாள். ஒருமுறை காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோதுகூட, குடம் சத்தம் போட்டதும் கண்ணைத் திறக்காமலே "வந்துடுச்சு" என்றாள். நாடி பிடித்துக்கொண்டிருந்த டாக்டர் எது வந்துவிட்டது என்று பயந்து கையை விட்டுவிட்டார். தெரு முழுக்க ஒரு மாதம் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அது அவள் பிறந்த வீடு. தண்ணிக்காரர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முகம் தெரியாத அந்தக் குரலை மட்டும் பல நாள் கேட்டுவிட்டு, ஒருநாள் சாவியோடு மேடேறிப் போய்ப் பெண் கேட்டார். குரலைப் பார்த்துப் பெண் எடுத்தவர் அந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான். சாவியைச் சீர்வரிசையாகக் கொண்டு வந்த மாப்பிள்ளை என்று பெண்வீட்டில் கிண்டல் செய்தார்களாம்.

புருஷன் பெண்டாட்டி இருவரும் அக்கரையார். முப்பாட்டன் காலத்தில் ஆற்றைத் தாண்டி வந்தவர்களின் வம்சம். எந்த ஆறு, எந்த வருஷம் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. மற்றவர்கள் இக்கரையார். இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு, ஒரே சாப்பாடு, ஒரே மாதிரிக் கோபம். வெயிலில் நின்றால் இரண்டு பேரும் ஒரே கறுப்பாகத்தான் கறுப்பார்கள். அடையாள அட்டையில் மட்டும் ஓர் எழுத்து வித்தியாசம். அந்த ஓர் எழுத்து என்ன செய்யும் என்று அப்போது கேட்டிருந்தால் அந்தத் தெரு சிரித்திருக்கும். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ஆரம்பம் ரேடியோவில். வெண்ணெய் தடவின குரலில் ஒருத்தன் தினமும் பேசுவான். அக்கரையாரை அவன் 'பாசி' என்றான். தண்ணீரோடு வந்து ஒட்டிக்கொண்டதாம், சுரண்டினால்தான் போகுமாம். டீக்கடையில் அது சீக்கிரமே வேடிக்கைப் பேச்சாகிவிட்டது.

"என்ன பாசி, இன்னிக்குத் தண்ணி உண்டா?" என்று கேட்டான் கேபிள்காரன். வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்தவன். எந்த வீட்டில் எத்தனை ரூம், எந்த ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

தண்ணிக்காரரும் சிரித்தார். "பாசி இருக்கற எடத்துலதான்டா தண்ணி இருக்கும்" என்றார்.

கடை மொத்தமும் சிரித்தது. இந்தப் பதிலை வீட்டில் போய்ச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீங்க எதுக்கு அதுக்குப் பதில் சொன்னீங்க?"

"விளையாட்டுக்குச் சொல்றான். சின்னப் பய."

"விளையாட்டுன்னா அவன் வீட்டு ஆளை வெச்சு விளையாடறதுதானே. பதில் சொன்னா, அது உங்க பேரா ஆயிடாதா?"

"பேருல என்ன இருக்கு? தண்ணிக்காரன்னு கூப்பிடறாங்க. நான் என்ன தண்ணியாவா ஆயிட்டேன்?"

"ஊருக்கே தண்ணி காட்டற மனுஷன் நீங்க. உங்களோட பேசி ஜெயிக்க முடியுமா" என்று சொல்லிவிட்டு அவள் கஞ்சியை ஊற்றினாள்.

அந்தக் கோடை கொடுமையாக இருந்தது. ஏரி அடிமண் தெரிந்து வெடித்துக் கிடந்தது. தண்ணீர் முறை தள்ளித் தள்ளிப் போனது. மனிதர்களுக்குக் கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, ரேடியோக்காரன் இடம் காட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஒருநாள் குரல் பாதியில் நின்றது.

தண்ணிக்காரர் கீழே நின்று சத்தம் கொடுத்தார். முதல் வீடு வாங்கியது. அடுத்த வீடு வாங்கியது. மாடிவீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் பேப்பரைப் புரட்டினார். அவ்வளவுதான். மேலே போகவேண்டிய குரல் அங்கேயே செத்துப்போனது. தண்ணிக்காரர் காத்திருந்தார், மறுபடி கூப்பிட்டார், கடைசியில் சாவியைக் குழியிலேயே விட்டுவிட்டு மேடேறி வந்து, தன் வீட்டுக் குடத்தைத் தானே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். போகிற வழியில், "தொண்டை சரியில்லையா சார்?" என்று அக்கறையாகத்தான் கேட்டார். மாடிவீட்டுக்காரர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

அடுத்த முறைக்கு இன்னும் இரண்டு வீடுகளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அக்கா பாதித் தெரு இறங்கி வந்து நின்று பதில் சொல்லிப் பார்த்தாள். நடுத்தெருவில் அவள் நின்று கத்த, இருபக்கமும் கதவுகள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தன. அப்படி நின்றது அவளுக்கு என்னவோ அவிழ்த்துப் போட்டு நின்ற மாதிரி இருந்ததாம். அதன் பிறகு அவள் இறங்கவில்லை. அவர் ஏறி இறங்கினார். முழங்கால் வலிக்கு ராத்திரி அவள் எண்ணெய் தேய்த்துவிடுவாள், இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

பேச்சு இருந்தது எதிர்வீட்டில் மட்டும். எதிர்வீட்டுத் தையல்காரம்மா இக்கரை. புருஷன் இல்லாதவள். மிஷினை ஜன்னலோரம் போட்டு மிதித்துக்கொண்டே அக்காவோடு வாயடிப்பாள். இதில் பாதி அவள் பின்னாளில் சொல்லிக் கேட்டதுதான்.

"அக்கா, உன் மக போன் பண்ணாளா?"

"பண்றா, பண்றா. வேளைக்கு ஒண்ணு. கிளம்பி வா, கிளம்பி வான்னு ஒரே பாட்டு. அவ இருக்கற ஊருல நம்ம ஆளுங்க அதிகமாம். பயமில்லையாம்."

"போயேன். பேரனைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்ல."

"இவரு நகருவாரா? கோடையில வால்வை விட்டுட்டு வந்தா ஊரு தவிச்சுப் போயிடுமாம். மழை ஒண்ணு விழட்டும்ங்கறாரு."

"ஊரு தவிக்கட்டுமே. உனக்கு வாய் தொறந்து ஒரு பதில் சொல்லாத ஊருதானே."

அக்கா மிஷின்மேல் குனிந்திருந்தவளைப் பார்த்தாள். "நீ இருக்கேல்ல" என்றாள்.

தையல்காரம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டினால் எப்படி வரும்.

பிறகு நான்கைந்து பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. கோடையில் அடித்தொட்டித் தண்ணீர் குடித்தால் எந்த ஊரிலும் வருவதுதான். ஆனால் மத்தியானத்துக்குள் பேச்சு ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பாசி தண்ணியில் என்னமோ கலந்துவிட்டானாம். கேபிள்காரன் கையில் பச்சைத்துணி கட்டிக்கொண்டு, தெருக்காவல் என்று பத்துப் பேரைச் சேர்த்திருந்தான். அவர்கள் வந்து, இனி ஒவ்வொரு தெருவிலும் தண்ணீர் திறந்ததும் முதல் டம்ளரைத் தண்ணிக்காரர் எல்லார் முன்னாலும் குடிக்க வேண்டும் என்றார்கள்.

அவர் குடித்தார். எத்தனை தெருவோ அத்தனை டம்ளர். சிலர் டம்ளர் போதாது, சொம்பு என்றார்கள். குடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம் என்று அவர் சொன்னார். வயிறு பானையாக உப்பி வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"என்னங்க, தொட்டியை வயித்துலயே கட்டிட்டாங்களா?"

"நடந்தா உள்ள அலையடிக்குது" என்று அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

அதுவும் செல்லுபடியாகவில்லை. மருந்து சாப்பிட்டுவிட்டு வந்து குடிக்கிறான் என்றார்கள். பெண்டாட்டியும் குடிக்கட்டும் என்றார்கள். அவளும் போய்க் குடித்தாள். புருஷன் பெண்டாட்டி இருவரும் வெயிலில் தெருத்தெருவாகப் போய், யார் யார் வீட்டு வாசலிலோ நின்று தண்ணீர் குடித்தார்கள். ஆயுள் முழுக்க அந்த ஊருக்குத் தண்ணீர் கொடுத்த மனுஷன். அவர்களில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், போதும் விடுங்கப்பா என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தக் கட்டத்தில் சொன்னவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. திட்டு வாங்கியிருப்பார், அவ்வளவுதான். ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் மோட்டார்காரர் வந்தார்.

மோட்டார்காரர் தொட்டியடியில் பம்பு ஓட்டுபவர். இக்கரை. தண்ணிக்காரரைவிட இரண்டு வயது சின்னவர். இவர் வால்வும் அவர் மோட்டாருமாகத் தலை நரைத்தவர்கள். அக்கா கொடுத்தனுப்பும் தூக்குவாளியில் பாதி அவருடையது. வந்தால் நேராக அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்க்கிற ஆள். அன்றைக்கு வாசற்படியிலேயே நின்றார்.

"உள்ள வா தம்பி. புது மாப்பிள்ளை மாதிரி நிக்கறே?"

"இல்லண்ணே. அவசரமாப் போகணும்."

"மோட்டாரை நிறுத்திட்டுத்தானே வந்திருக்கே? சத்தத்தையே காணோமே. என்ன அவசரம்?"

மோட்டார்காரர் செருப்பால் தரையில் கோடு போட்டார். "சாவி கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட இருக்கட்டும்னு மேல சொல்லிட்டாங்க."

"மேலன்னா? தொட்டிக்கு மேலயா?"

"அண்ணே..."

"சரி சரி. கேலி பண்ணலை. யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். அக்கரை ஆளுங்க யாரும் இனிமே தண்ணி, கரண்டு, ஆஸ்பத்திரி எதுலயும் இருக்கக் கூடாதாம். கொஞ்ச நாளைக்குத்தான். இந்தச் சூடு தணிஞ்சதும் நானே கொண்டாந்து குடுத்துடறேன். என் பிள்ளைங்க மேல சத்தியமா."

"பிள்ளைங்களை ஏன் இழுக்கறே" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. தட்டோடு வெளியே வந்தாள். அவித்த கிழங்கும் உப்பும். "உக்காரு. சாப்பிட்டுட்டுச் சாவியைத் தூக்கிட்டுப் போ. வெறும் வயித்துல தூக்கினா இடுப்பு பிடிச்சுக்கும்."

"சாப்பிட்டுட்டேன் அண்ணி."

"பொய் சொல்ல வாய் தொறக்குதுல்ல. அதே வாய்தான், சாப்பிடவும் தொறக்கும். உக்காரு."

"நெசமாவே வேணாம் அண்ணி."

"தண்ணியாவது குடி."

டம்ளரை நீட்டினாள். மோட்டார்காரர் வாங்கினார். வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் தொட்டியிலிருந்து அவர் மோட்டார் ஏற்றிவிட்ட தண்ணீர். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, குடிக்காமல் படியில் வைத்தார். ரேடியோக்காரன் என்ன சொன்னாலும் பயப்படாத அக்கா, அந்த டம்ளரைப் பார்த்துப் பயந்தாள். நாம இங்கே இருக்கக்கூடாது என்று அவள் முடிவு செய்தது அப்போதுதான்.

தண்ணிக்காரர் சுவரோரம் சாத்தியிருந்த சாவியை எடுத்து, பிடியைத் துண்டால் ஒருமுறை துடைத்தார்.

"நாலாம் தெரு வால்வு இறுக்கம். முக்கித் திருகாதே, மரை போயிடும். விட்டு விட்டுத் திருகு."

"சரிண்ணே."

"நம்ம தெருவுல அவசரப்பட்டு மூடிடாதே. மேட்டுக்கு ஏற நேரம் பிடிக்கும். கீழ நின்னு ஒரு சத்தம் குடு. ஏறிடுச்சான்னு தெரிஞ்சுக்கிட்டு மூடு. யாரு பதில் சொன்னாலும் சொல்லாட்டியும் நீ கேளு. கேக்காம மட்டும் மூடிடாதே. மேல ரெண்டு வீடு காஞ்சு போயிடும்."

"கேக்கறேண்ணே. கேக்காம மூட மாட்டேன்."

தோளில் சாவியோடு அவர் இறங்கிப் போவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அவன் தோள்ல அது கோணலா நிக்குது பாரு" என்றார் தண்ணிக்காரர்.

அன்று மாலையே மகளிடமிருந்து போன் வந்தது. இந்த முறை அக்கா வாதாடவில்லை.

"கிளம்பிட்டோம்டி. அப்பாவும் சரின்னுட்டாரு. நாளைக்குக் காலையில வண்டி ஏறறோம்."

"மெய்யாவாம்மா? அப்பாகிட்ட குடு."

"அப்பா துணி மடிக்கறாரு. பையன் என்ன பண்றான்?"

"தூங்கறான். அம்மா, எதையும் தூக்கிட்டு வராதீங்க. குடம் சட்டின்னு கட்டிடாதே. நீங்க ரெண்டு பேரும் வந்தாப் போதும்."

"குடத்தை ஏன்டி தூக்கப் போறேன். அது குழாயடியில இருக்கட்டும்" என்றாள்.

காலையில் பையோடு கதவைப் பூட்டும்போது தையல்காரம்மா தெருவைத் தாண்டி ஓடிவந்தாள். தலை வாரவில்லை, முந்தானை தரையில் புரண்டது.

"அக்கா, உள்ள போ. பஸ் ஸ்டாண்டுல அட்டையைப் பாத்துப் பாத்து எறக்கறாங்க. எறக்கின ஆளுங்களை லாரியில ஏத்திட்டுப் போறாங்க. எங்கன்னு யாருக்கும் தெரியலை. நூல் வாங்கப் போனவ, பாத்துட்டு அப்படியே ஓடி வந்துட்டேன்."

"போலீஸ் இல்லையா?" என்று கேட்டார் தண்ணிக்காரர்.

"லாரி அவங்களோடதுதாண்ணே."

அவர் பூட்டைத் திறக்கவும் தெரியாமல் பூட்டவும் தெரியாமல் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தையல்காரம்மாதான் யோசித்தாள். அவள் வீட்டில் மிஷின் ரூமுக்குப் பின்னால் துணி மூட்டைகள் போட்டுவைக்கிற ஓர் அறை உண்டு. தெருப்பக்கம் கையகலத்துக்கு ஒரு காற்றுச்சந்து மட்டும். பட்டப்பகலில், தைக்கத் துணி கொண்டுவருகிற ஆட்கள் மாதிரி ஆளுக்கொரு பெரிய மூட்டையைத் தலையில் ஏற்றி, மூட்டைக்கடியில் முகம் தெரியாமல் இருவரையும் தெருவைக் கடத்திக் கொண்டுபோய்விட்டாள். அக்கா வீட்டுக் கதவு வெளியே பூட்டிக் கிடந்தது. ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அன்றே தண்ணீரும் நின்றது. அக்கரையார் அதிகம் இருந்த தெருக்களுக்கு ஒவ்வொன்றாகத் தீ வைத்தார்கள். யாரும் அணைத்துவிடக் கூடாது என்று ஊர் முழுக்க வால்வை மூடச் சொல்லியிருந்தார்கள். பாசியைச் சுரண்டுவது என்று ரேடியோவில் சொன்னது இதைத்தான். டீக்கடையில் சிரித்தவர்களுக்கு இப்போது அது புரிந்திருக்கும். ஓடிவந்தவர்களைத் தெருமுனையில் நிறுத்தி வெட்டினார்கள். வெட்டியவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று பின்னால் எல்லாரும் சொன்னார்கள். அந்தந்தத் தெருப் பையன்கள்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தினார்கள் என்று தையல்காரம்மா சொன்னாள். அறிந்த குரல் கூப்பிட்டதும் நின்றவர்கள்தான் அதிகமாம்.

பின்னறையில் இருவரும் மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தார்கள். வெட்டுத்துணி வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும். பேசக்கூடாது, இருமக்கூடாது. தையல்காரம்மா காரணமில்லாமல் வெறும் துணியை மிஷினில் ஓட்டிக்கொண்டே இருப்பாள், உள்ளே ஏதாவது சத்தம் வந்தாலும் அதில் அமுங்கிவிடும் என்று. இருக்கிற தண்ணீரில் மூன்று பேரும் வாயை மட்டும் நனைத்துக்கொண்டார்கள். மகளின் போன் நம்பரை அக்கா வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருப்பாள். போன் அடித்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதைக் கழற்றித் தனித்தனியாகப் போட்டாயிற்று.

தண்ணிக்காரர் ஒருமுறை அவள் காதோடு கேட்டார். "மாடிவீட்டுக்காரருக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகம் வரமாட்டேங்குது."

"ஒண்ணும் பண்ணலை. தூங்குங்க."

"ஏதாவது பண்ணியிருந்தாத் தேவலைன்னு இருக்கு."

அவள் இருட்டில் அவர் கையைத் தேடிப் பிடித்தாள். பக்கத்தில் ஆள் இருந்தும் இப்படித் தனியாக இருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

எரிக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது தண்ணீர் விடச் சொன்னார்கள். முற்பகல் நேரம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கேபிள்காரனும் நாலைந்து பேரும் ராத்திரி வேலை முடித்த களைப்பில், கடைசி வீட்டுச் சுவர் நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அரிவாள்கள் கிடந்தன. எதிர்வீட்டில் மிஷின் நின்றிருந்தது. நூல் தீர்ந்து, தையல்காரம்மா புதுக் கண்டு மாட்டிக்கொண்டிருந்தாள்.

கீழ்முனையில் மோட்டார்காரர் மூடியைப் பெயர்த்தார். சாவியை இறக்கி, விட்டு விட்டுத் திருகினார். நிமிர்ந்தார். கேட்காமல் மூட மாட்டேன் என்று சொன்னது நினைவிருந்ததோ, வருஷக்கணக்காகக் காதில் விழுந்து பழகியதோ. வேண்டுமென்றே செய்தார் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் நம்பவில்லை. வாய் அதுபாட்டுக்குத் திறந்திருக்கும்.

"வந்துடுச்சா?"

தெரு அப்படி அடங்கிக் கிடந்ததால், கைமாறாமலே அந்தக் குரல் உச்சி வரை வந்தது. அதே நேரத்தில் பூட்டிய வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, வெறும் குடத்தில் விழுந்தது. 'ணங்.'

அக்கா அப்போது அரைத்தூக்கத்தில் இருந்தாள்.

"வந்துடுச்சு!"

தண்ணிக்காரர் அவள் வாயைப் பொத்தினார். பொத்தின கை அவள் முகத்திலேயே இருந்தது. குரல் அதற்குள் தெருவுக்குப் போய்விட்டிருந்தது. அவள் கண்கள் மட்டும் அவரைப் பார்த்து விரிந்தன, நானா சொன்னேன் என்று கேட்பது போல.

தையல்காரம்மா நூல்கண்டைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

கேபிள்காரன் எழுந்து நின்றான். பீடியைக் காலால் நசுக்கினான்.

"யாரு சத்தம் போட்டது?"

"நான்தான். தண்ணி வந்துடுச்சு, அதான் சொன்னேன்."

"ரெண்டாவது சொன்னது நீங்க. மொதல்ல சொன்னது?"

"அதுவும் நான்தாம்ப்பா. என் வீட்டுல வேற யாரு இருக்கா, நீதான் தெனம் பாக்கறியே."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு கீழ்ப்பக்கம் திரும்பி, இரண்டு கையையும் வாயில் குவித்து உரக்கக் கேட்டான்.

"அண்ணே! மோட்டார்காரரே! மொதல்ல சொன்ன குரல் யாருது? இத்தனை வருஷமாக் கேட்ட ஆளு நீங்க. தையல்காரம்மாவா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் போதும். அவன் மறுபடி உட்கார்ந்திருப்பான். மோட்டார்காரர் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே பார்த்தார். குழியைப் பார்த்தார். அவர் வாய் திறக்கவில்லை.

மோட்டார்காரரை விடுங்கள். இடையில் இருந்த அத்தனை வீட்டுக்கும் அந்தக் கேள்வி கேட்டது. கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தார்கள். அது தையல்காரம்மா குரல்தான் என்று எந்த வீட்டிலிருந்தாவது யாராவது ஒருத்தர் வாங்கிச் சொல்லியிருக்கலாம். மாடிவீட்டு ஜன்னல் கொஞ்சமாகத் திறந்திருந்தது. அது மெதுவாகச் சாத்திக்கொண்டது.

"சரி" என்றான் கேபிள்காரன். அரிவாளை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினான்.

வாசலில் குறுக்கே நின்ற தையல்காரம்மாவின் வலது கையை அவர்கள் மிஷின் பலகையில் வைத்து ஒடித்தார்கள். அந்தக் கை பிறகு கத்தரி பிடிக்கவில்லை. மூட்டைகளை இழுத்துப்போட்டு இருவரையும் வெளியே கொண்டுவந்தார்கள். வெயிலில் கண் கூசியதில் தண்ணிக்காரர் தடுமாறினார், அக்கா பிடித்துக்கொண்டாள். தெருவைத் தாண்டும்போது பூட்டிய வீட்டுக்குள் குடத்தில் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. கழுத்து வரை வந்துவிட்ட சத்தம். அவளுக்குத் தெரியாதா.

"தம்பி" என்றாள் கேபிள்காரனைப் பார்த்து. "குடம் நிறையப் போகுது. தண்ணி வீணாப் போயிடும். ஒரு நிமிஷம், குழாயை மூடிட்டு வந்துடறேன்."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நடங்க" என்றான் அவன்.

வீட்டுக்குப் பின்னால் தொட்டிக்குப் போகிற ஒற்றையடிப் பாதை வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். தண்ணிக்காரர் அவள் கையை விடவில்லை. இருவரும் திரும்பி வரவில்லை. அந்தக் கோடை முடிவதற்குள் அந்த ஊரில் அக்கரையார் என்று சொல்ல ஓர் உயிர் இல்லாமல் போனது.

மோட்டார்காரர் வால்வை மூடவில்லை. சாவி குழிக்குள் நின்றது, அவர் பக்கத்தில் நின்றார். குழாயை மூடவும் யாரும் போகவில்லை. குடம் நிறைந்தது. முற்றம் நிறைந்தது. கதவடியில் கசிந்து, படி இறங்கி, தண்ணீர் தெருவுக்கு வந்தது. தூசியை உருட்டிக்கொண்டு கீழ்நோக்கி நகர்ந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டு, மாடிவீட்டுக்காரரின் காலி நாற்காலிக் கால்களுக்கு நடுவில் புகுந்து, பேசாத அண்ணன் தம்பி வீடுகளைத் தாண்டி, ஏற்றம் முழுவதும் இறங்கி வந்தது. கதவிடுக்கில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீழ்முனையில் அது மோட்டார்காரரின் காலை நனைத்தது. கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.